காருக்குப் பெரிய றெக்கை: ஏற்காடு ரோட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பழைய ஸ்விஃப்டின் டிக்கிக் கதவில் இன்றைக்கும் நான்கு கறுப்பு ரப்பர் மூடிகள் இருக்கின்றன. அந்த இடத்தில் ஒன்றரை வருஷம் ஒரு பெரிய ராலி றெக்கை (மண் ரோட்டிலும் மலை ரோட்டிலும் ஓட்டும் ராலி பந்தயக் கார்களில் இருப்பது மாதிரி) நின்றது, இப்போது இல்லை. இருந்தபோதும் கேட்டார்கள், கழற்றிய பிறகும் கேட்கிறார்கள். அஸ்தம்பட்டியில் பெட்ரோல் போட நின்றாலும், அடிவாரத்தில் டீ குடிக்க நின்றாலும், மேலே ஒண்டிக்கடைப் பக்கம் வண்டியை ஓரங்கட்டினாலும் யாராவது ஒரு தம்பி வந்துவிடுவார். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ, பிழைப்பு லேத் பட்டறை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

அண்ணா, ஸ்பாய்லரும் விங்கும் ஒண்ணுதானே?

இல்லை. காரின் கூரைமேல் ஓடிவரும் காற்று, கூரை முடிந்ததும் பின்பக்கமாக வழிந்து இறங்கப் பார்க்கும். அப்படி வளைந்து இறங்கும்போது காரின் பின்பக்கத்தை லேசாக மேலே இழுக்கும். கூரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன உதடு அந்தக் காற்றை அங்கேயே வெட்டிவிடுகிறது. அதுதான் ஸ்பாய்லர். அதற்கு அடியில் காற்று போகாது.

விங் தனியாகக் காலூன்றி நிற்கும். மேலும் கீழும் காற்று ஓடும். விமான றெக்கையைக் கவிழ்த்துப் போட்ட கதைதான்: விமானத்தைத் தூக்குகிற அதே விசை இங்கே காரை அழுத்துகிறது. இனி நான் றெக்கை என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

ராலி கார்ல மட்டும் ஏன் அவ்வளவு பெருசா வெக்கறாங்க?

அவர்கள் போகும் வேகம் அப்படி. பின்லாந்து ராலியில் வெற்றி பெறுபவரின் சராசரி வேகமே 120 கி.மீ.க்கு மேல் போயிருக்கிறது, அதுவும் மண் ரோட்டில். மேட்டில் ஏறிக் கார் காற்றில் பறக்கும்போது வால் நிலைகுலையாமல் இருக்க வேண்டும். சறுக்கிக்கொண்டே வளையும்போது காற்று பக்கவாட்டில் வந்து மோதும். றெக்கையின் இரு முனைகளிலும் நிற்கும் பலகைகள், சில கார்களில் நடுவிலும் நிற்கும் செங்குத்துத் தகடுகள், அந்த நேரத்தில் வாலைப் பிடித்து நேராக்க உதவும். 1980களில் குரூப் பி என்ற ராலி பிரிவின் கார்களில், முக்கியமாக ஆடி ஸ்போர்ட் குவாட்ரோ எஸ்1-இல், இந்தப் பைத்தியம் உச்சத்துக்குப் போனது. 1986-ஓடு அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார்கள். 2017-இல் உலக ராலி விதிகளைத் தளர்த்தியபோது என்ஜின் சக்தி 380 குதிரைத்திறன் வரை ஏறியது, றெக்கைகளும் மறுபடி பெருத்தன.

சரி, கடையில் விற்ற லான்சர் எவோ, சுபாரு இம்ப்ரெஸா கார்களுக்கு ஏன் றெக்கை? அதற்குக் காரணம் விதி. குரூப் ஏ பிரிவில் ஒரு காரை ஓட்ட வேண்டுமானால் அந்த மாடலை 5,000 கார்களாவது செய்திருக்க வேண்டும், பிறகு இதை 2,500 ஆக்கினார்கள். பந்தயத்துக்கு வேண்டியதை ரோட்டுக் காரிலேயே வைத்து விற்றார்கள். வாங்கியவர் அதோடு காய்கறி வாங்கவும் போனார். நாம் படத்தில் பார்த்து ஆசைப்பட்டது அந்தக் காரைத்தான்.

ஏற்காடு ஏறும்போது வளைவுல கிரிப் கூடுமா? கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க.

கூடாது. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். றெக்கை 120 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் என்று வையுங்கள். நல்ல வடிவம், சுத்தமான காற்றில் நிற்கிறது என்றும் தாராளமாக வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 14 கிலோ அழுத்தும். 160-இல் 36 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. இந்த விதி கீழ்நோக்கியும் வேலை செய்யும் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 40 கி.மீ.யில் கிடைப்பது 2 கிலோ சொச்சம். நம் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கார் அவற்றில் 20 கி.மீ.யில் திரும்பினாலே அதிகம். அப்போது கிடைப்பது அரை கிலோ. அரை கிலோ தக்காளியை டிக்கியில் வைத்ததற்குச் சமம்.

என் பைபர் றெக்கையைக் கால்களோடு தராசில் வைத்தேன்: 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, மலை ஏறும் நேரம் முழுக்க அது அழுத்தியதைவிட அதன் சொந்த எடைதான் அதிகம். மேலே போகப்போகக் காற்றும் மெலிகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு போலக் குறைந்திருக்கும். மலைமேல் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று காற்று வாங்கும்போது நமக்குச் சுகமாக இருக்கலாம், றெக்கைக்கு அது பட்டினி.

ஆனா வெச்சதுக்கு அப்புறம் வண்டி நல்லா ஒட்டுதுன்னு என் பிரெண்டு சொல்றானே?

எனக்கும் அப்படித்தான் இருந்தது, முதல் மாதம். காசு கொடுத்துவிட்டோம் இல்லையா.

இறக்கத்துல பிரேக் போட்டா பின்னாடி லேசாயிடுதே. அப்ப பின்னாடி அழுத்தினா நல்லதுதானே?

இது நல்ல கேள்வி. உண்மைதான்: இறக்கத்தில் பிரேக் மிதித்தால் பாரம் முன்னால் சாயும், பின் சக்கரங்களின் பிடி குறையும். அங்கே பாரம் கூடினால் உதவும் என்ற யோசனையில் தப்பில்லை, அளவில்தான் தப்பு. 900 கிலோ காரில் ஆள் இல்லாதபோதே பின் சக்கரங்கள்மேல் 350 கிலோ போல இருக்கிறது. அதில் மேலே சொன்ன 2 கிலோவைச் சேர்த்து என்ன ஆகும்? பின் சீட்டில் பாட்டியை உட்காரவைத்தால் அதைவிடப் பலமடங்கு அழுத்தம் கிடைக்கும், பேச்சுத்துணையும் ஆகும்.

ஏற்காடு இறக்கத்தில் உண்மையில் ஆபத்து வேறு. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்துப்போகும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியாவது தாங்கும். ஈரம் குடித்துப் பழசானால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

எங்க வண்டி முன் வீல் டிரைவ். அதனால ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு, நமக்குப் பாதகமாக. ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ20 எல்லாம் முன் சக்கரம் இழுக்கும் வண்டிகள். இழுப்பதும் திருப்புவதும் முன்னால், நாம் அழுத்துவது பின்னால். அதுவும் பின் சக்கரத்துக்கு நேர் மேலே அல்ல, அதையும் தாண்டி வெளியே. பார்க்கில் குழந்தைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். 14 கிலோ அழுத்தும்போது பின் சக்கரத்தில் 17 கிலோ கூடும், முன்னால் 3 கிலோ போலக் குறையும். உயரத்தில் நின்று காற்றைத் தடுப்பதால் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் எழும்பும்.

இது நெடுஞ்சாலை வேகத்துக்கான கணக்கு. மலையில் நல்லதும் இல்லை, கெட்டதும் பெரிதாக இல்லை. 100-க்கு மேல் போகிறவர்களுக்கு ஸ்டீயரிங் லேசானதுபோல் தோன்றினால் காரணம் இதுதான். பந்தயக் கார்களில் பின்னால் றெக்கை வைத்தால் முன்னால் பம்பருக்கு அடியிலும் ஏதாவது வைத்துச் சமன் செய்வார்கள். நாம் பின்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

டிக்கில எந்த இடத்துல வெச்சா வேலை செய்யும்? மேலயா, கண்ணாடிக்குக் கீழயா?

கண்ணாடிக்குக் கீழே வைத்தால் சுத்த வீண். இதை நான் நூல் ஒட்டிப் பார்த்தேன். அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் நண்பன் வீட்டில் மிச்சமான நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, கூரை, பின் கண்ணாடி, டிக்கி எல்லா இடத்திலும் ஒரு முனையை மட்டும் டேப் போட்டு ஒட்டினேன். ஓமலூர் ரோட்டில் விடியற்காலையில் 80-இல் நான் ஓட்ட, அவன் பக்கத்து லேனில் இன்னொரு காரில் வந்தான், அவன் தம்பி செல்போனில் படம் பிடித்தான். கூரைமேல் இருந்த நூல்கள் சீவிவிட்ட தலைமுடி மாதிரி நேராகப் பின்னால் படுத்திருந்தன. கண்ணாடிமேல் இருந்தவை மேலே, கீழே, பக்கத்தில் என்று கண்டபடி துள்ளின. சில முன்னோக்கியே திரும்பின.

ஹேட்ச்பேக் காரில் கூரை சட்டென்று முடிந்துவிடுவதால் அதற்குப் பின்னால் காற்று ஒழுங்காக ஓடாது, சுழலும். சுழலுக்குள் நிற்கும் றெக்கை வெறும் பலகை. அதனால்தான் ராலி ஹேட்ச்பேக்குகளில் றெக்கை கூரை மட்டத்துக்கு மேலே, பின்னால் தள்ளி நிற்கிறது. நூல் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. வாங்குவதற்கு முன் செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே தணிந்துவிடும்.

டிசையர் மாதிரி செடானுக்கு?

அங்கே டிக்கி மூடி நீண்டிருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் கண்ணாடி செங்குத்தாக இறங்கும் குட்டி செடான்களில் இதே சுழல் கதைதான். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் நடுக்கோடு போட்ட மாதிரி றெக்கை தெரிவது தனி எரிச்சல்.

எவ்வளவு சாய்க்கணும்? நிறைய சாய்ச்சா நிறைய அழுத்துமா?

ஓர் எல்லை வரை. சாய்வு 15 டிகிரி பக்கம் போனால் அடிப்பக்கத்துக் காற்று ஒட்டாமல் பிய்த்துக்கொண்டுவிடும். அதற்குமேல் அழுத்தம் குறையும், தடை மட்டும் ஏறும். கூரையிலிருந்து வரும் காற்று ஏற்கெனவே சரிந்து இறங்குவதால், நீங்கள் தட்டையாக வைத்ததாக நினைப்பதே அதற்குச் சில டிகிரி சாய்வுதான்.

இன்னொன்றையும் பாருங்கள்: உப்பிய பக்கம் கீழே இருக்க வேண்டும். உப்பிய பக்கம் மேலே பார்க்க, விமானம் மாதிரியே மாட்டிக்கொண்டு வந்த ஒரு வண்டியை அடிவாரத்தில் பார்த்தேன். அந்தத் தம்பியிடம் சொன்னதும் முகம் போன போக்கு! பாவம், அன்றைக்குத்தான் மாட்டியிருந்தார்.

மைலேஜ் குடிக்குமா?

ஊருக்குள் தெரியாது. 100 கி.மீ.யில் ஒரு சின்னக் கார்மேல் காற்றுத் தடை 30 கிலோ சொச்சம். றெக்கை அதில் இன்னும் 2 கிலோ சேர்க்கும். மட்டமான வடிவமாக இருந்தால் அதற்கும் மேல். பெங்களூரு போய்வரும்போது எனக்கு லிட்டருக்கு ஒரு கி.மீ. போலக் குறைந்தது. 80-ஐத் தாண்டினால் விசில் சத்தமும் வந்தது. முனைப் பலகையின் போல்ட் ஓட்டைதான் ஊதியது, சிலிக்கான் வைத்து அடைத்ததும் நின்றது.

டேப் போட்டு ஒட்டினா போதுமா, ஓட்டை போடணுமா?

சின்ன உதட்டு ஸ்பாய்லருக்கு நல்ல இரட்டைப் பக்க டேப் போதும், தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகு. காலூன்றி நிற்கும் றெக்கைக்கு டேப் என்றால் நான் உங்கள் பின்னால் வண்டி ஓட்டமாட்டேன். நெடுஞ்சாலையில் பிய்ந்து பறந்தால் அது விழுவது பின்னால் வரும் பைக்காரர்மேல்.

டிக்கிக் கதவின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெறும் வாஷர் போட்டு முறுக்கினால் போல்ட்டைச் சுற்றிக் குழி விழும், அப்புறம் விரிசல். உள்பக்கம் 3 மி.மீ. தகட்டைக் கதவின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, உள்ளங்கை அளவுக்கு ஆதாரம் கொடுக்க வேண்டும். நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பது, குலுக்கலில் எளிதில் கழலாது) போடுங்கள். உருக்காலை இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், போல்ட் ஸ்டெயின்லெஸ்தான் போடுவோம், அது துருப்பிடிக்காது. துரு பிடிப்பது ஓட்டையின் விளிம்பு. துளைத்ததும் பிசிறை ராவி, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு சீலன்ட் வைத்து மாட்டினால்தான் ஏற்காட்டுப் பனியையும் மழையையும் தாங்கும். நான் பிரைமர் அடிக்காமல் மாட்டினேன். ஒரே மழைக்காலத்தில் பெயிண்டுக்கு அடியில் துரு கொப்புளித்தது.

மாட்டியபின் ஒரு சோதனை: 25 கிலோ அரிசி மூட்டையை மெதுவாக அதன்மேல் வையுங்கள். 100 கி.மீ. அழுத்தம் 14 கிலோதான் என்றாலும் பள்ளத்தில் விழுந்து எழும்போது குலுக்கல் அதைப் பெருக்கும். தகடு உள்வாங்கினால் அன்றே கழற்றிவிடுங்கள்.

மாட்டினதுக்கு அப்புறம் டிக்கி நிக்கவே மாட்டேங்குது, தலையில விழுது. ஏன்?

கதவைத் தாங்கும் கேஸ் டேம்பரை அந்தக் கதவின் எடைக்குக் கணக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். கீலிலிருந்து தள்ளி 5 கிலோ ஏறினால் அது திணறும். காலையில் குளிரில் இன்னும் மோசம், உள்ளே வாயு அழுத்தம் குறைந்துவிடும். பலமான டேம்பர் மாற்றினால் நிற்கும். ஆனால் மூடும்போது அமுக்க வேண்டிவரும், கீலிலும் பாரம் ஏறும்.

துளை போடுவதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். ஹேட்ச்பேக் கதவின் கீல் மேலே இருக்கிறது. றெக்கையின் முன்விளிம்பு கீலைத் தாண்டி முன்னால் நீட்டினால், கதவைத் தூக்கும்போது அது கூரையைப் போய் இடிக்கும். அட்டையில் வெட்டி ஒட்டிக் கதவைத் திறந்து பாருங்கள். பின் வைப்பர், தண்ணீர் பீச்சும் குழாய், மேலே உள்ள மூன்றாவது பிரேக் லைட் மூன்றும் மறையக் கூடாது. பனியில் 20 அடிக்கு மேல் தெரியாத நாட்களில் பின்னால் வருபவருக்கு அந்த லைட்தான் துணை.

ஆர்டிஓ, போலீஸ் பிடிப்பாங்களா?

பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ள விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கம்பெனியே உங்கள் மாடலின் உயர்ந்த வேரியன்டில் வைத்துத் தரும் சின்ன ஸ்பாய்லரை நீங்கள் கீழ் வேரியன்டில் மாட்டியதற்காக யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. பம்பரைத் தாண்டிப் பின்னால் நீட்டும் ராலி றெக்கை வேறு விஷயம், காரின் நீளமே மாறிவிடுகிறது. என்னை இரண்டு முறை நிறுத்தினார்கள். ஒருமுறை அறிவுரை, ஒருமுறை ரசீது.

இன்ஷூரன்ஸ்?

மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் விட்டால், பின்னால் வந்து யாராவது இடித்துக் கதவு நசுங்கினாலும் க்ளெய்மைத் தள்ள அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். றெக்கை பெரிதாக இருந்தால் தெரிவித்ததும் முதல் கேள்வி ஆர்.சி.யைப் பற்றித்தான் வரும். அதற்கு மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

சும்மா அழகுக்குத்தான்ணா கேக்கறேன். வேலை செய்யலைன்னா பரவாயில்ல. வெக்கலாமா?

இப்படி நேராகக் கேட்பவரைத்தான் எனக்குப் பிடிக்கும். அழகுக்கு என்றால் கூரை ஓரத்து ஸ்பாய்லர் வையுங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஒரு கிலோ சொச்சம், வண்டி நிறத்திலேயே பெயிண்ட். டேம்பர் தொல்லை இல்லை, ஓட்டை இல்லை, வேண்டாமென்றால் கழற்றலாம்.

பெரியதுதான் வேண்டும் என்றால் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். மலிவான பைபரில் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், அதுவும் நிற்கிற ஆளின் நெற்றி உயரத்தில். நெருக்கடியான இடத்தில் நிறுத்தியிருந்தபோது என் அக்கா மகன் ஓடிவந்து அதில் இடித்துக்கொண்டான். மூன்று தையல். றெக்கையைக் கழற்றியதற்குக் காரணம் கணக்கா துருவா என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

அதே காசுல வேற என்ன பண்ணினா மலையில வண்டி நல்லா ஓடும்?

டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயரின் ரப்பர் மேடு) எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வருஷம் தாண்டிய டயர் ரப்பர் கெட்டித்துவிடும், ஈர ரோட்டில் பிடிக்காது. றெக்கைக்கும் மாட்டும் கூலிக்கும் நான் கொடுத்தது 8,500 ரூபாய், அதில் இரண்டு நல்ல டயர் வந்திருக்கும். புது டயர் இரண்டுதான் என்றால் அவற்றைப் பின்னால் போடுங்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் சமாளிப்பது கஷ்டம். பின்னால் பிடிப்பு வேண்டும் என்ற உங்கள் ஆசையும் அப்போது நிறைவேறும்.

கழட்டின றெக்கை இருக்கா? வெலைக்குக் குடுப்பீங்களா?

இருக்கிறது, கொடுக்கமாட்டேன். ஒரு காலின் அடியில் விரிசல், அதை யார் தலையிலும் கட்ட மனசில்லை. இப்போது மொட்டை மாடியில் கிடக்கிறது. அம்மா ஜவ்வரிசி வடகம் பிழிந்து காயவைக்கும்போது, காற்றில் துணி பறக்காமல் இருக்க ஓரத்தில் அதைத்தான் தூக்கி வைக்கிறார்.